வெளிநாட்டுப் பயணமும் மதுவும்: சட்டமும் வழக்கமும் தெரிந்து செல்ல ஒரு வழிகாட்டி

மாலத்தீவின் ரிசார்ட் தீவுகளில் தங்கும் விருந்தினர் அங்குள்ள உணவகத்தில் ஒயின் வாங்கி அருந்தலாம். அதே விருந்தினர் தம் பெட்டியில் ஒரு பாட்டில் ஒயினை வைத்துக்கொண்டு அந்நாட்டு விமான நிலையத்தில் இறங்கினால், ஸ்கேனரில் அது தெரிந்துவிடும், பாட்டிலும் சுங்க அதிகாரிகளின் கைக்கு மாறிவிடும். புருணையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே 1991 முதல் மது விற்பனைக்குத் தடை இருக்கிறது. ஆனால் முஸ்லிம் அல்லாத வயதுவந்த பயணி, நிர்ணயிக்கப்பட்ட சிறிய அளவைச் சுங்கப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துச் சென்று, தனியிடத்தில் அருந்தலாம்.

முதன்முறை வெளிநாடு செல்பவர்கள் பெரும்பாலும் “அந்த நாட்டில் குடிக்கலாமா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஒரு கேள்வியால் பயனில்லை. கொண்டுசெல்லலாமா, வாங்கலாமா, எந்த இடத்தில் அருந்தலாம், அருந்திய பிறகு வெளியே நடமாடலாமா, வண்டி ஓட்டலாமா என்று ஐந்து கேள்விகளாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் கிடைத்ததால் மற்றதற்கும் அதுவே பதில் என்று எண்ணிவிடக் கூடாது. மது அருந்தாதவர்களுக்கும் இந்தக் கேள்விகளில் சில பொருந்தும், ஏனென்றால் பரிசாகக் கொடுக்க ஒரு பாட்டில் வாங்கிச் செல்பவரும், அலுவலக விருந்தில் மறுத்துச் சொல்ல வேண்டியவரும் அவர்களாகவே இருக்கலாம்.

முதல் படி: புறப்படும் முன் நாட்டை, ஊரை, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்

முதலில் முழுத் தடை உள்ள நாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். குவைத், லிபியா, ஈரான், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் பயணிக்கு மது கிடையாது. சவூதி அரேபியாவில் 1952 முதல் தடை நடைமுறையில் இருக்கிறது. 2024இல் ரியாத்தில் முஸ்லிம் அல்லாத வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகளுக்காக ஒரு கடை திறக்கப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு, சுற்றுலாப் பயணிக்கும் வழி திறந்துவிட்டது என்று எண்ணிச் செல்வது பெரும் தவறாகிவிடும்.

தடை இல்லாத நாடுகளிலும் மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் ஊருக்கு ஊர், சட்டம் வேறுபடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் துபாயில் 21 வயது நிறைந்த முஸ்லிம் அல்லாத பயணி உரிமம் பெற்ற விடுதிகளில் அருந்தலாம், கட்டணமில்லாத தற்காலிக உரிமம் பெற்றுக் கடையிலும் வாங்கலாம்; அங்கிருந்து காரில் சிறிது நேரம் சென்றால் வந்துவிடும் சார்ஜாவில் மதுவுக்கு இடமே இல்லை. துபாயில் முறைப்படி வாங்கிய பாட்டிலைக் காரில் வைத்துக்கொண்டு சார்ஜாவுக்குள் நுழைபவர், தாம் சட்டத்தை மீறுகிறோம் என்பதையே அறியாமல் மீறுகிறார். இந்தியாவில் குஜராத், பிகார் ஆகிய மாநிலங்களில் மதுவிலக்கு உண்டு. அமெரிக்காவிலும் விற்பனைக்குத் தடை விதித்த மாவட்டங்கள் இன்றும் இருக்கின்றன. உலகெங்கும் விற்கப்படும் ஜாக் டேனியல்ஸ் விஸ்கி தயாராகும் டென்னசியின் மூர் மாவட்டமே அவற்றில் ஒன்று.

அடுத்து நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா நாள், அன்று மது விற்பனை கிடையாது. இந்தியாவில் தேர்தல் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் அந்தத் தொகுதியில் மதுக்கடைகள் மூடப்படும். பிலிப்பைன்ஸிலும் தென் அமெரிக்க நாடுகள் சிலவற்றிலும் தேர்தலையொட்டி இதைப் போன்ற தடை வரும். தாய்லாந்தில் முக்கியமான பௌத்த நாட்களுக்கென்று தனி விதிகள் உண்டு. ரமலான் மாதத்தில் முஸ்லிம் நாடுகளுக்குச் செல்பவர்கள், மது கிடைக்கும் இடங்களும் நேரங்களும் சுருங்கியிருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்வது நல்லது.

இவற்றை உங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் பயண அறிவுரைப் பக்கத்திலும், செல்லும் நாட்டின் சுங்கத் துறைப் பக்கத்திலும் படியுங்கள். நண்பர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் போய்வந்த அனுபவத்தை நம்ப வேண்டாம். தாய்லாந்தில் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை மது விற்கக் கூடாது என்ற விதி பல பத்தாண்டுகள் இருந்தது. 2025இல் மதுச் சட்டமே திருத்தப்பட்டு, அந்த நேரக் கட்டுப்பாடும் மறுஆய்வுக்கு வந்தது. இந்தத் துறையில் விதிகள் அவ்வளவு வேகமாக மாறுகின்றன.

வயது

வயது வரம்பைப் பயணிகள் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள், முக்கியமாகக் குடும்பத்தோடு செல்பவர்கள். அமெரிக்காவில் 21, இது 1984இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தால் நாடு முழுவதும் ஒன்றானது. மலேசியாவில் 2017இன் இறுதியில் 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. ஜப்பான் 2022 ஏப்ரலில் வயதுவந்தோர் என்பதற்கான வரம்பை 18ஆகக் குறைத்தது, ஆனால் மது அருந்தும் வயதை 20ஆகவே வைத்துக்கொண்டது. கனடாவில் பெரும்பாலான மாகாணங்களில் 19, ஆல்பர்ட்டா, மானிடோபா, கியூபெக்கில் 18. ஜெர்மனியில் பீருக்கும் ஒயினுக்கும் 16, விஸ்கி போன்ற வீரிய மதுவுக்கு 18. ஸ்வீடனில் மதுக்கூடத்தில் அமர்ந்து அருந்த 18 போதும், அரசுக் கடையில் பாட்டிலாக வாங்க 20 ஆக வேண்டும்.

தலை நரைத்தவரிடமும் அடையாள அட்டை கேட்கும் கடைகள் அமெரிக்காவில் உண்டு. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். கைப்பேசியில் உள்ள படத்தைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: பெட்டியில் எடுத்துச் செல்வது

இதில் இரண்டு தனித்தனி விதிகள் குறுக்கிடுகின்றன: விமானப் பாதுகாப்பு விதி ஒன்று, சுங்க விதி மற்றொன்று. முதலாவது ஆல்கஹால் சதவீதத்தைப் பார்க்கிறது. 24 சதவீதம் வரை உள்ள பீர், ஒயின் வகைகளுக்கு, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டியில் விமானப் பாதுகாப்பு விதிப்படி அளவுக் கட்டுப்பாடு இல்லை. 24க்கு மேல் 70 வரை உள்ளவற்றை, கடையில் வாங்கியபடி மூடி திறக்காத பாட்டில்களில், ஒருவர் மொத்தம் 5 லிட்டர் வரை எடுத்துச் செல்லலாம். 70 சதவீதத்துக்கு மேற்பட்டவை தீப்பற்றும் பொருளாகக் கருதப்படுவதால் அவற்றை எந்தப் பையிலும் வைக்கக் கூடாது.

இரண்டாவது விதி, இறங்கும் நாடு வரியில்லாமல் எவ்வளவு அனுமதிக்கிறது என்பது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வருபவர் 1 லிட்டர் வீரிய மதுவும், அதனுடன் 4 லிட்டர் சாதாரண ஒயினும் 16 லிட்டர் பீரும் கொண்டுவரலாம். 17 வயதுக்கு உட்பட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை. அமெரிக்கா 21 வயது நிறைந்தவருக்குப் பொதுவாக 1 லிட்டர் அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியா 18 வயது நிறைந்தவருக்கு 2.25 லிட்டரும், இந்தியா 2 லிட்டரும் அனுமதிக்கின்றன. சிங்கப்பூரில் ஒரு நுட்பம் இருக்கிறது: மலேசியாவிலிருந்து நுழைபவருக்கு மதுவுக்கான வரிச்சலுகை அறவே கிடையாது, வேறு நாடுகளிலிருந்து வருபவரும் குறைந்தது 48 மணி நேரம் சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். அளவுக்கு மேல் இருந்தால், அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் சென்று, தாமாக அறிவித்து வரியைக் கட்டிவிடுவதே சரியான முறை. வரித்தொகை பெரும்பாலும் தாங்கக்கூடியதாகவே இருக்கும். அறிவிக்காமல் பச்சை வழியில் நடந்து பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் விழும், பயணக் குறிப்பிலும் ஒரு கறை ஏறும்.

டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கும் பாட்டிலால் அதிகம் சிக்கிக்கொள்வது இடையில் விமானம் மாறும் டிரான்சிட் பயணிகள்தான். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கூடாது என்ற விதிக்கு விலக்காக, திறந்தால் தெரிந்துவிடும் வகையில் முத்திரையிட்ட பையில் கடைக்காரர் பாட்டிலைப் போட்டு, ரசீதையும் உள்ளே வைத்துத் தருவார். இடைவழி விமான நிலையத்தில் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை இருந்தால், அந்தப் பை திறக்கப்படாமல் இருக்க வேண்டும். எனவே இறுதி ஊர் போய்ச் சேரும் வரை பையைப் பிரிக்காதீர்கள். அமெரிக்கா வழியாக உள்நாட்டு விமானம் மாறுபவர்கள், முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே செக்-இன் பெட்டியைக் கையில் வாங்கிச் சுங்கம் கடக்க வேண்டியிருக்கும். பாட்டிலை அங்கேயே பெட்டிக்குள் மாற்றி மீண்டும் ஒப்படைத்துவிட்டால் கவலை தீரும்.

வாங்கிய பாட்டிலை விமானத்துக்குள்ளேயே திறந்து அருந்த நினைப்பவர்களும் உண்டு. பணிப்பெண்ணோ பணியாளரோ ஊற்றித் தந்ததைத் தவிர வேறு மதுவை விமானத்தில் அருந்தக் கூடாது என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் எழுத்திலேயே உள்ளது. பிற நாட்டு விமான நிறுவனங்களும் இதையே தம் நிபந்தனைகளில் சேர்த்திருக்கின்றன. மேலும், விமானத்தில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக அருந்திவிட்டு, போதையோடு குடிவரவு மேசை முன் நிற்பது, தடை கடுமையாக உள்ள நாடுகளில் தனிக் குற்றமாகவே கருதப்படலாம்.

மூன்றாம் படி: எங்கே, எந்த நேரத்தில் வாங்குவது

வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகள் பலவற்றில் வீரியமான மதுவை அரசு நிறுவனக் கடைகளே விற்கின்றன: ஸ்வீடனில் சிஸ்டம்போலாகெட், நார்வேயில் வின்மோனோபோலெட், பின்லாந்தில் ஆல்கோ. ஸ்வீடனில் இந்தக் கடைகள் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கே மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறக்கவே திறக்காது. சூப்பர் மார்க்கெட்டில் 3.5 சதவீதம் வரையுள்ள பீர்தான் கிடைக்கும். நார்வேயின் சூப்பர் மார்க்கெட்டுகள் பீரை வார நாட்களில் இரவு 8 மணி வரையும் சனிக்கிழமை மாலை 6 மணி வரையுமே விற்க அனுமதி பெற்றவை. ஸ்காட்லாந்தில் கடை விற்பனை காலை 10 முதல் இரவு 10 வரை. துருக்கியில் 2013 முதல் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை கடைகளில் விற்பனை இல்லை. கடை திறந்திருக்கும், அலமாரி மட்டும் மூடியிருக்கும். அந்த நேரத்தில் காசாளரிடம் வாதாடிப் பயனில்லை, ஏனென்றால் விற்றால் உரிமத்தை இழக்கப்போவது அவர் வேலை செய்யும் கடைதான்.

நான்காம் படி: அருந்தும் இடம்

வாங்கியதை எங்கே திறக்கலாம் என்பதில்தான் நல்லெண்ணத்தோடு வரும் பயணிகளும் அபராதம் கட்டுகிறார்கள். ஜெர்மனியில் பூங்காவில் அமர்ந்து பீர் அருந்துவது இயல்பான காட்சி. பக்கத்து நாடான போலந்தில் பொது இடங்களில் அருந்துவது பொதுவாகத் தடை செய்யப்பட்டது. அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் திறந்த பாட்டிலோடு தெருவில் நடப்பதும், காரின் முன்பகுதியில் திறந்த பாட்டிலை வைத்திருப்பதும் குற்றம்; நியூ ஆர்லியன்ஸில் பிளாஸ்டிக் கோப்பையில் எடுத்து நடக்கலாம் என்பது விதிவிலக்கு. லண்டனின் நகரப் பேருந்துகளிலும் சுரங்க ரயில்களிலும் 2008 ஜூன் முதல் திறந்த மதுவுக்குத் தடை.

சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் அருந்தக் கூடாது, அந்த நேரத்தில் கடைகளும் எடுத்துச் செல்லும்படி விற்கக் கூடாது. லிட்டில் இந்தியா, கேலாங் ஆகிய வட்டாரங்கள் மதுக் கட்டுப்பாட்டு மண்டலங்கள். அங்கே வார இறுதி முழுவதும் பொது இடத்தில் அருந்தத் தடை உண்டு, தண்டனையும் அதிகம். ஜப்பானில் தெருவில் அருந்துவதை நாடு தழுவிய சட்டம் எதுவும் தடுக்கவில்லை, ஆயினும் தோக்கியோவின் ஷிபுயா நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் 2024 அக்டோபர் முதல் ஆண்டு முழுவதும் மாலை 6 முதல் காலை 5 வரை அது தடை செய்யப்பட்டிருக்கிறது.

ஐந்தாம் படி: வாகனம்

இதைப் பற்றி நான் சமரசமில்லாமல் சொல்ல விரும்புகிறேன்: வெளிநாட்டில் அருந்தியிருந்தால் அன்றும், மறுநாள் காலையிலும் எந்த வண்டியையும் ஓட்டாதீர்கள்.

இரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவு இங்கிலாந்தில் 0.08 சதவீதம், ஸ்காட்லாந்தில் 2014 முதல் 0.05. அமெரிக்காவில் பொதுவாக 0.08, யூட்டா மாநிலத்தில் மட்டும் 0.05. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் 0.05, ஜப்பானிலும் தென் கொரியாவிலும் இந்தியாவிலும் 0.03, ஸ்வீடன், நார்வே, போலந்தில் 0.02. செக் குடியரசு, ஹங்கேரி, ருமேனியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் சுழியம். உடல் ஏறத்தாழ மணிக்கு 0.015 சதவீதம் என்ற வேகத்தில்தான் ஆல்கஹாலைக் கழிக்கிறது. காப்பியோ குளியலோ அதை விரைவுபடுத்தாது. நள்ளிரவில் 0.12 இருந்தவருக்கு நன்றாக உறங்கி எழுந்த காலை 6 மணியிலும் 0.03 எஞ்சியிருக்கும். அவர் தெளிவாகத்தான் உணர்வார், லண்டனில் சட்டத்தின் கண்ணுக்கும் தப்பிவிடுவார். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமிலோ செக் தலைநகர் பிராகிலோ அதே நிலையில் அவர் குற்றவாளி.

ஓட்டுநரோடு இது நின்றுவிடுவதில்லை. ஜப்பானில் மது அருந்தியவர் ஓட்டும் காரில் தெரிந்தே ஏறியவர், அவருக்கு மது கொடுத்தவர், வண்டி கொடுத்தவர் ஆகியோருக்கும் 2007 முதல் தனித் தண்டனை உண்டு. சைக்கிளும் மின்ஸ்கூட்டரும் விளையாட்டுப் பொருள்கள் என்ற எண்ணமும் வேண்டாம். ஜெர்மனியில் மின்ஸ்கூட்டருக்குக் காருக்குரிய வரம்பே பொருந்தும். ஜப்பானில் 2024 நவம்பர் முதல் போதையில் சைக்கிள் ஓட்டுவதற்கான தண்டனை விரிவாக்கப்பட்டிருக்கிறது. பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை போதையில் நேர்ந்த விபத்துக்கான மருத்துவச் செலவை ஏற்பதில்லை என்பதையும் பாலிசியின் விலக்குப் பகுதியில் படித்துக்கொள்ளுங்கள்.

அளவைக் கணக்கிடும்போதும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ‘ஒரு பானம்’ என்பது பிரித்தானியக் கணக்கில் 8 கிராம் தூய ஆல்கஹால், ஆஸ்திரேலியாவில் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். பீர் அளக்கும் பைன்ட் பிரித்தானியாவில் 568 மில்லி, அமெரிக்காவில் 473 மில்லி. பெல்ஜியத்தின் பீர் சில 8 சதவீதத்தையும் தாண்டும், சீனாவின் பைஜியு என்னும் தானியச் சாராயம் பல 50 சதவீதத்தைத் தாண்டும். ஊரில் பழகிய எண்ணிக்கையை இங்கே பொருத்திப் பார்க்காமல் லேபிளைப் படியுங்கள்.

விருந்து மேசையில்

சட்டம் தவறினால் அபராதம். வழக்கம் தவறினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனித்துக்கொள்வார்கள். ஜப்பானில் தமக்குத் தாமே ஊற்றிக்கொள்வதில்லை. அருகில் இருப்பவரின் கோப்பையை நீங்கள் நிரப்ப, உங்களுடையதை அவர் நிரப்புவார். எல்லோரும் ‘கன்பாய்’ என்று வாழ்த்துச் சொல்லும் வரை முதல் மிடறு எடுப்பதில்லை. கொரியாவில் மூத்தவர் ஊற்றும்போது கோப்பையை இரு கைகளால் ஏந்தி, அருந்தும்போது முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்வது மரியாதை. சீன விருந்தில் கோப்பைகளைத் தட்டும்போது இளையவர் தம் கோப்பையின் விளிம்பைப் பெரியவருடையதைவிடத் தாழ்த்திப் பிடிப்பார். ஜெர்மனியில் தட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். ஹங்கேரியில் பீர்க் கோப்பைகளைத் தட்டுவதைத் தவிர்ப்பவர்கள் இன்றும் உண்டு; 1849இல் அராத் நகரில் ஹங்கேரியத் தளபதிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட துயரத்தோடு அந்த வழக்கத்தை இணைத்துச் சொல்கிறார்கள். ஜார்ஜியாவின் சுப்ரா விருந்தில் தமதா என்னும் விருந்துத் தலைவர் ஒவ்வொரு வாழ்த்தாகச் சொல்லுவார், ஒயின் அந்த வாழ்த்துகளின் வரிசைப்படிதான் அருந்தப்படும். பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நண்பர் குழுவில் ஒவ்வொருவரும் முறை வைத்து அனைவருக்கும் வாங்குவார்கள். பிறர் வாங்கியதை ஏற்றுக்கொண்டு தம் முறை வருமுன் கிளம்புவது முகம் சுளிக்க வைக்கும்.

மது அருந்தாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. முதல் கோப்பை வருமுன்பே, சிரித்த முகத்தோடு, ஒரே வரியில் சொல்லிவிட்டால் போதும். காரணங்களை அடுக்கினால் வற்புறுத்தலுக்கு இடம் கொடுத்தது போலாகும். வாழ்த்துச் சொல்லும்போது தேநீரோ பழச்சாறோ உள்ள கோப்பையை உயர்த்துங்கள். மேசையில் இருப்பவர்களுக்கு வேண்டியது உங்கள் பங்கேற்பு. அளவோடு நிறுத்த விரும்புபவருக்கு ஜப்பானிலும் கொரியாவிலும் எளிய வழி, கோப்பையை நிறைந்தபடியே விட்டுவைப்பது. முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்கு விருந்தாளியாகச் செல்பவர் ஒயினைப் பரிசாகக் கொண்டுசெல்லக் கூடாது.

கலப்பட மது: உயிர் தொடர்பான படி

2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் என்னும் சுற்றுலா ஊரில் மெத்தனால் என்னும் நச்சு ஆல்கஹால் கலந்த மதுவை அருந்திய ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள், அவர்களில் சிலர் இருபது வயதை எட்டியிராதவர்கள். 2025 ஆகஸ்டில் முழுத் தடை உள்ள குவைத்தில், கள்ளத்தனமாகத் தயாரித்த மதுவால் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், பலர் பார்வை இழந்தார்கள். தடை இருக்கும் இடத்தில் கிடைக்கும் ரகசிய பாட்டில் சட்டப்படி மட்டும் ஆபத்தானதில்லை என்பதை உணர்ந்து, யார் அழைத்தாலும் விலகி நில்லுங்கள்.

மெத்தனாலை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ பிரித்தறிய முடியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் 12 முதல் 24 மணி நேரம் கழித்தும் தோன்றலாம் என்பதால், சாதாரணத் தலைவலி என்று நினைத்து அறையிலேயே படுத்திருந்து காலத்தை இழப்பவர்கள் பலர். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாவது ஆகியவற்றோடு பார்வை மங்கினாலோ, பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல் தோன்றினாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; மெத்தனாலாக இருக்கலாம் என்று நீங்களே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஃபோமெபிசோல் போன்ற முறிமருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற முடிகிறது. ஒன்றாக அருந்தியவர்கள் எல்லோரையும், நலமாகத் தெரிபவர்களையும் சேர்த்து, அழைத்துச் செல்லுங்கள்.

தடுப்பது எளிது. இலவசமாக ஊற்றித் தரும் ஷாட், வாளியில் கலந்து தரும் காக்டெயில், லேபிள் இல்லாத உள்ளூர்ச் சாராயம், வழக்கத்துக்கு மாறாக மலிவாகக் கிடைக்கும் பிராண்டு பாட்டில் ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். முத்திரை உடையாத பீர் கேனோ, உங்கள் கண் முன் திறக்கப்படும் பாட்டிலோ நம்பகமானது.

சிக்கல் வந்தால்

காவலர் நிறுத்தினால் அமைதியாக ஒத்துழையுங்கள், பணம் நீட்டாதீர்கள். மூச்சுச் சோதனையை மறுப்பது பல நாடுகளில் தனிக் குற்றம். கைது செய்யப்பட்டால், 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவின்படி, உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தூதரகம் உங்களை விடுவிக்க முடியாது. வழக்கறிஞர் பட்டியல் தரும், குடும்பத்துக்குச் செய்தி சொல்லும். புரியாத மொழியில் உள்ள தாளில் மொழிபெயர்ப்பாளர் வருமுன் கையெழுத்திடாதீர்கள்.

திரும்பும்போது

நினைவுப் பரிசாகப் பாட்டில் வாங்கினால், சொந்த நாட்டின் வரம்பையும் வழியில் மாறும் நாட்டின் வரம்பையும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். துணிகளுக்கு நடுவே, நெகிழிப் பையில் சுற்றி, பெட்டியின் மையத்தில் வையுங்கள். வீட்டில் காய்ச்சியது என்று அன்போடு தரப்படும் பெயரில்லாப் பாட்டிலை நன்றி சொல்லி அங்கேயே விட்டுவாருங்கள், ஏனென்றால் அதன் ஆல்கஹால் சதவீதத்தைச் சுங்க அதிகாரிக்கோ விமான நிறுவனத்துக்கோ காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. மாலத்தீவில் இறங்கும்போது பாட்டிலை ஒப்படைத்திருந்தால், அங்கே கொடுத்த ரசீதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். புறப்படும் நாளில் அதைக் காட்டினால்தான் பாட்டில் திரும்பக் கிடைக்கும்.